ஜாமீன் போட்டவர் வீட்டுக்கு வசூல் ஆள் வரும்போது

கடன் வாங்கியவர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டால், வங்கி அடுத்துத் தட்டும் கதவு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருடையது. மைத்துனரின் லாரிக் கடன், சக ஆசிரியரின் தனிநபர் கடன், அக்கா மகனின் கல்விக் கடன், ஊர்க்காரர் எடுத்த சீட்டு என்று எதற்காகவோ பல வருடங்களுக்கு முன் போட்ட கையெழுத்து அது. போட்டவர் பெரும்பாலும் அதை மறந்தே போயிருப்பார். சம்பளச் சான்று தரக்கூடிய அரசு ஊழியர், சொந்த வீடு உள்ள பெரியப்பா, ஓய்வூதியம் வாங்கும் மாமா ஆகியோரிடம்தான் இந்தக் கையெழுத்தைக் கேட்பார்கள். "சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான் மாமா" என்று சொல்லியே வாங்குவார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய இதுவே விதி. ஐந்து லட்சம் பாக்கி என்றால் ஜாமீன்தாரரின் பொறுப்பும் அதே ஐந்து லட்சம், அதன் வட்டி, செலவு எல்லாம் சேர்ந்தது. "முதலில் அவனிடம் கேளுங்கள், அவனிடம் ஒன்றும் கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்ற வாதம் நியாயமாகத் தோன்றினாலும் நீதிமன்றத்தில் எடுபடாது. பாங்க் ஆஃப் பீகார் தொடுத்த வழக்கில் 1968-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: கடன்தாரரிடம் எல்லா வழிகளிலும் முயன்று பார்த்த பிறகே ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது; அப்படிக் கட்டாயப்படுத்தினால் ஜாமீனுக்கே அர்த்தம் இல்லாமல் போகும். இந்தக் கசப்பான உண்மையை முதலில் விழுங்கிக்கொண்டால்தான் மற்றவற்றை நிதானமாகக் கையாள முடியும்.

கையெழுத்து எந்தத் தகுதியில் போடப்பட்டது என்பதையும் உடனே பார்க்க வேண்டும். கல்விக் கடனில் பெற்றோரும் வீட்டுக் கடனில் கணவன் மனைவியும் பெரும்பாலும் கூட்டுக் கடன்தாரர்கள். அவர்கள் கடனைத் தாங்களே வாங்கியவர்கள். ஜாமீன்தாரருக்குச் சட்டம் தரும் சில தனிப் பாதுகாப்புகள் அவர்களுக்கு இல்லை. இன்னொரு வகையினர் கடன் விண்ணப்பத்தில் தெரிந்தவர் என்று பெயரும் போன் நம்பரும் குறிக்கப்பட்டவர்கள். இவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, ஒரு பைசாவும் தரவேண்டியதில்லை. ஆனாலும் கடன் செயலிகளின் வசூல் ஆட்கள் இவர்களையும் அழைத்து, "நீங்கதான் சார் ஜாமீன்" என்று மிரட்டுவது நடக்கிறது. செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் 2022 செப்டம்பரிலிருந்தே சொல்கின்றன. ஆகவே முதல் அழைப்பு வந்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகலை அனுப்புங்கள்."

அந்த நகலோடு கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் சில. கடன் கணக்கின் முழு அறிக்கை வேண்டும். அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். அபராதத்தை வட்டியாகச் சேர்த்து அதன் மேல் மறுபடி வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தடைசெய்தது. 2024 ஜூனுக்குப் பிறகும் பழைய முறையில் கணக்குப் போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். வசூல் நிறுவனத்துக்கு வங்கி தந்த அதிகாரக் கடிதம் வேண்டும். கடன், வாராக்கடன்களை வாங்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தால், அந்த ஒப்படைப்பு ஆவணம் வேண்டும். இல்லாவிட்டால் யாருக்குப் பணம் கட்டுகிறோம் என்பதே தெரியாது. கடனுக்குக் காப்பீடு எடுத்திருந்தார்களா என்பதும் முக்கியம். கடன் வாங்கியவர் இறந்துபோன குடும்பங்களில் இதைக் கேட்க மறந்து, காப்பீடு தீர்த்திருக்க வேண்டிய கடனை ஜாமீன்தாரர் தலையில் சுமப்பதுண்டு. இவை அனைத்தையும் கிளை மேலாளர் பெயருக்கு எழுத்தில் கேட்டு, நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகை வசதியுடன் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலை அஞ்சல் துறை 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டதால் இப்போது ஸ்பீட் போஸ்டிலேயே அனுப்பலாம்.

வாசலுக்கு வரும் வசூல் ஆளைப் பற்றி ரிசர்வ் வங்கியின் விதிகள் பலர் நினைப்பதைவிடக் கறாரானவை. 2008 ஏப்ரல் சுற்றறிக்கைப்படி, கடனை எந்த நிறுவனத்திடம் வசூலுக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதை வங்கி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வருபவர் அடையாள அட்டையும் வங்கி தந்த அதிகாரக் கடிதமும் கையில் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் புகார் கொடுத்திருந்தால், அதைத் தீர்க்கும்வரை அந்தக் கணக்கை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்ன விதி அதிகம் பேருக்குத் தெரியாது. கணக்கில் தவறு இருப்பதாக நியாயமான காரணத்தோடு எழுதிக் கொடுத்த ஒரு புகார், வாசலில் நடக்கும் நூறு சண்டைகளைவிட வலிமையானது.

2022 ஆகஸ்ட் 12 அன்று வந்த சுற்றறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ வசூலுக்காக அழைக்கக் கூடாது. விடாமல் அழைத்துத் தொல்லை தருவது, பெயர் சொல்லாமல் மிரட்டுவது, தகாத செய்திகள் அனுப்புவது, வீட்டார், நண்பர்கள் முன்னிலையில் அவமானப்படுத்துவது எல்லாம் தடைசெய்யப்பட்டவை. முகவர் செய்யும் தவறுக்கு வங்கியே பொறுப்பு. சிறுகடன் நிறுவனங்களுக்கு நேரம் இன்னும் குறைவு: காலை 9 முதல் மாலை 6 வரை மட்டும். பொதுவாக ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். ஆனால் கிராமங்களில் நடப்பது வேறு. ஒரு பெண் தவணை கட்டவில்லை என்றால் அவளோடு சேர்ந்து கடன் வாங்கிய குழுவில் உள்ள மற்ற பெண்களை அவள் வீட்டு வாசலில் இருட்டும்வரை உட்கார வைக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களையே வசூல் ஆட்களாக மாற்றும் இந்த முறை மிகக் கொடுமையானது, விதிகளுக்கும் எதிரானது.

விதி மீறப்பட்டால் என்ன செய்வது? அழைப்புகளின் நேரம், எண், பேசியவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். போனில் பேசுவதைப் பதிவு செய்து வைக்கலாம். வாசலில் வந்து நிற்பவரிடம் வாக்குவாதம் செய்யாமல் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொள்ளலாம். காட்ட மறுத்தால் பேச்சைத் தொடர வேண்டிய அவசியமே இல்லை. அவரை வீட்டுக்குள் விட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிறகு வங்கியின் குறைதீர் அலுவலருக்குப் புகார் எழுத வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இணையத்திலேயே புகாரைப் பதிவு செய்யலாம், 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதலும் கிடைக்கும்.

மிரட்டல், அத்துமீறல் என்று போய்விட்டால் அது வங்கி விவகாரம் அல்ல, குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு குற்ற மிரட்டலையும், 329-ஆம் பிரிவு அத்துமீறி நுழைவதையும் தண்டிக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் வரக்கூடாது. "இது சிவில் மேட்டர், நீங்களே பேசித் தீர்த்துக்குங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கடன் சிவில் விவகாரம்தான். வாசலில் நின்று கெட்ட வார்த்தை பேசியதும் சட்டையைப் பிடித்ததும் சிவில் விவகாரம் அல்ல. தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது. படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பும் செயலிக்காரர்கள் விஷயத்தில் 1930 என்ற சைபர் குற்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

வசூல் ஆட்கள் சொல்லும் மிரட்டல்களில் எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்திருப்பது பாதி நிம்மதி. "போலீஸ் வந்து அரெஸ்ட் பண்ணும்" என்பது பெரும்பாலும் பொய். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. உண்மையிலேயே வசதி இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை: காசோலை. ஜாமீன்தாரர் தந்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு அவர் மீதும் பாயும். இதை உச்ச நீதிமன்றம் 2002-லேயே உறுதிசெய்துவிட்டது. தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்குவரை அபராதம். அதனால்தான் வசூல் ஆட்கள், "ஒரு செக் மட்டும் கொடுங்க சார், ஆபீஸ்ல காட்டி டைம் வாங்கித் தரேன்" என்று இனிமையாகக் கேட்பார்கள். கணக்கில் பணம் இல்லாமல் அந்தக் காசோலையை எழுதவே கூடாது.

"வீட்டை ஏலம் விட்டுடுவோம்" என்பது வீட்டை அடமானமாக எழுதிக் கொடுத்திருந்தால் மெய்யான ஆபத்து. 2002-இன் சர்ஃபேசி சட்டப்படி, தவணை 90 நாட்களுக்கு மேல் நின்று கணக்கு வாராக்கடன் ஆன பிறகு, வங்கி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் 15 நாட்களுக்குள் காரணத்தோடு பதில் தரவேண்டியது வங்கியின் கடமை. சொத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது. சொத்து எதையும் அடமானம் வைக்காமல் கையெழுத்து மட்டும் போட்டவர் விஷயத்தில், வங்கி பொதுவாக வழக்குப் போட்டு ஜெயித்த பிறகுதான் அவர் உடைமைகளைத் தொட முடியும்.

ஜெயித்த பிறகும் எல்லாவற்றையும் தொட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சமையல் பாத்திரம், உடுதுணி, கைவினைஞரின் கருவிகள், அரசு ஓய்வூதியம், சேமநல நிதி ஆகியவற்றை ஜப்தியிலிருந்து காக்கிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 31,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பிடிக்க முடியாது. ஒரே தீர்ப்புக்காக 24 மாதங்களுக்கு மேல் பிடிக்கவும் முடியாது. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. கடன் கொடுத்த அதே வங்கியில் ஜாமீன்தாரருக்குச் சேமிப்புக் கணக்கோ டெபாசிட்டோ இருந்தால், அதைப் பிடித்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருப்பார்கள். இதற்கு வழக்கும் தீர்ப்பும் வேண்டியதில்லை.

பழைய கடன் என்றால் காலவரம்பைப் பார்க்க வேண்டும். பணம் வசூலிக்க வழக்குத் தொடர 1963-இன் காலவரம்புச் சட்டம் தருவது பொதுவாக மூன்று ஆண்டுகள். அடமானம் இருந்தால் பன்னிரண்டு. கேட்ட உடன் தருவேன் என்று எழுதிய ஜாமீனில், வங்கி முறைப்படி கேட்டு நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்தே கணக்குத் தொடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே கடன் வாங்கிய தேதியை மட்டும் வைத்துக்கொண்டு தப்பித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. காலவரம்பு முடியும் முன் "பாக்கியை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாக ஓடும். வசூல் ஆள் நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

ஜாமீன்தாரரின் பொறுப்பு முழுதாகவோ பகுதியாகவோ விழுந்துபோகும் சந்தர்ப்பங்களும் சட்டத்தில் உண்டு. ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தையவற்றுக்கு அவர் பொறுப்பல்ல என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. அடமானப் பொருளை வங்கி தன் கவனக்குறைவால் இழந்துவிட்டால், அதன் மதிப்பளவுக்கு அவர் விடுபடுகிறார் என்கிறது 141-ஆம் பிரிவு. சௌராஷ்டிர ஸ்டேட் வங்கி வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் ஒரு ஜாமீன்தாரரை விடுவித்தது. வண்டிக் கடனில் இது உயிரான கேள்வி. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய், யாருக்கோ அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, மீதியை ஜாமீன்தாரரிடம் கேட்பார்கள். எப்போது விற்றீர்கள், எப்படி மதிப்பிட்டீர்கள், விற்பதற்கு முன் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று எழுதிக் கேட்கலாம். ஆனால் வங்கிகளின் அச்சடித்த ஒப்பந்தங்களில் இந்தப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுப்பதாக ஒரு ஷரத்து சேர்ந்தே வரும். அதனால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் இவற்றை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஏற்கெனவே கொடுத்து முடித்த கடனுக்கு ஜாமீனை வாபஸ் வாங்கவும் இயலாது.

இத்தனையும் பார்த்த பிறகும் பெரும்பாலானோர் ஒரு தொகையைக் கட்டித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கட்டுகிறார் என்பதில்தான் ஜாமீன்தாரரின் எதிர்காலம் இருக்கிறது. முதலில் கடன் வாங்கியவரை அழைத்துப் பேச வேண்டும். அவரும் ஜாமீன்தாரரும் ஒன்றாகக் கிளைக்குப் போனால் தவணையை மாற்றியமைக்கும் வாய்ப்பு அதிகம். பல குடும்பங்களில் இந்தப் பேச்சே நின்றுபோயிருக்கும். கடன் வாங்கியவர் முகத்தைக் காட்ட மாட்டார். ஜாமீன் போட்டவர் உறவுக்காகக் கேட்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் ஒவ்வொரு மாதமும் வட்டியாக ஏறுகிறது.

ஒரே தவணைத் தீர்வு என்ற ஓ.டி.எஸ். பேசினால், தொகையும் கடைசித் தேதியும் வங்கியின் கடிதத் தாளில், அதிகாரியின் கையெழுத்தோடு வந்த பிறகே பணம் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த வார்த்தை போதாது. வழக்கு நிலுவையில் இருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்வது நல்லது. அங்கே தரும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், பொதுவாக மேல்முறையீடும் கிடையாது. ரொக்கத்தை வசூல் ஆள் கையில் கொடுக்கவே கூடாது. வங்கிக் கணக்கிலோ டிமாண்ட் டிராஃப்டாகவோ கட்டி, ரசீதில் ஜாமீன்தாரர் பெயரையும் அவர் ஜாமீன்தாரர் என்ற முறையில் கட்டியதையும் எழுதி வாங்க வேண்டும். கடன்தாரர் பெயரில் ரசீது போட்டுவிட்டால், பணம் யாருடையது என்று பிறகு நிரூபிக்க அலைய வேண்டும். கடைசியில் நிலுவையில்லாச் சான்றும், அடமானம் வைத்த பத்திரமும் திரும்ப வேண்டும். கடன் முடிந்த 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தரவேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறை.

ஜாமீன் போட்ட கடன் ஜாமீன்தாரரின் சிபில் அறிக்கையிலும் இருக்கும். குறைத்துப் பேசி முடித்த கடன் அதில் முழுமையாக அடைக்கப்பட்டதாக அல்லாமல் சமரசத்தில் முடிந்ததாகப் பதிவாகும். அது பல ஆண்டுகள் புதிய கடன்களைத் தடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். தவறு இருந்தால் திருத்தக் கோரலாம். 30 நாட்களுக்கு மேல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு.

பணம் கட்டிய ஜாமீன்தாரருக்குச் சட்டம் ஒரு பெரிய உரிமையைத் தருகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 140-ஆம் பிரிவின்படி அவர் வங்கியின் இடத்தில் வந்து நிற்கிறார்; வங்கிக்குக் கடன்தாரர் மேல் இருந்த உரிமைகளெல்லாம், அடமானம் உட்பட, அவருக்குச் சேர்கின்றன. நியாயமாகக் கட்டிய தொகை முழுவதையும் கடன்தாரரிடம் கேட்கலாம் என்கிறது 145. மூன்று பேர் சேர்ந்து ஜாமீன் போட்டிருந்து ஒருவரே மூன்று லட்சத்தைக் கட்டினால், மற்ற இருவரிடமும் தலா ஒரு லட்சம் கேட்கலாம் என்கிறது 146. வங்கியோடு விவகாரம் முடிந்ததும் களைத்துப்போய் இந்த உரிமையைப் பெரும்பாலானோர் கைவிட்டுவிடுகிறார்கள். உறவு முறியும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. வழக்குப் போட மனமில்லாதவர்கள், கட்டிய தொகைக்குக் கடன்தாரரிடம் ஒரு பிராமிசரி நோட்டாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டிய தொகையைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடர ஜாமீன்தாரருக்கும் இருப்பது பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மட்டுமே.